பொருள் பேசட்டும்

புது தில்லியிலுள்ள பிரகதி மைதானத்தில் 1980ஆம் ஆண்டு முதல் இந்தியப் பன்னாட்டு வணிகக் கண்காட்சி நடைபெற்று வருகிறது. வழக்கமாக அது நவம்பர் 14 அன்று தொடங்கி 27 அன்று நிறைவுறும். முதல் சில நாள்கள் வணிகர்களுக்கு உரியவை. அதன்பின் பொதுமக்கள் வருவர். மாநிலங்கள் தத்தம் அரங்குகளில் கைவினைப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவர்கள் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். தமிழ்நாட்டு அரங்கில் ஒரு சிறு கடை. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைகள் கண்ணாடிப் பேழைக்குள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. மக்கள் ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்து சென்றனர். கடையில் இருந்த முதியவருக்கு இந்தி தெரியாது. "விற்காதவற்றை எல்லாம் திரும்பவும் கட்டிச் சுமக்க வேண்டும், அம்மா" என்று என்னிடம் வருந்தினார்.

மாணவி ஒருத்தி, "தாத்தா, ஒரு பொம்மையை வெளியே வைக்கலாமா?" என்று கேட்டாள். "வை, கண்ணு" என்றார் அவர். அவள் அதை மேசையின் முன்பக்கத்தில் வைத்து மெல்லத் தட்டினாள். பொம்மை சாய்ந்தது, விழாமல் மீண்டும் நிமிர்ந்தது. அவ்வழியே சென்ற குழந்தை ஒன்று நின்றது. குழந்தைக்காகத் தாயும் நின்றார். "இது ஏன் விழுவதில்லை?" என்று அவர் இந்தியில் கேட்டார். மாணவி அக்கேள்வியைத் தமிழில் சொன்னாள். "அடிப்பகுதி வளைவாகவும் கனமாகவும் இருக்கிறது, அதனால் சாய்த்தாலும் எழுந்துவிடும்" என்றார் முதியவர். அவ்விடையை அவள் இந்தியில் சொன்னாள். நாங்கள் புறப்படுவதற்குள் இரண்டு பொம்மைகள் விற்றிருந்தன.

பொம்மை மாறவில்லை, அதை வைத்த முறைதான் மாறியது. இதையே காட்சியமைப்பு என்கிறோம். பொருளின் தனிச்சிறப்பு எதுவோ, அதைக் காண்பவர் கண்ணுக்கு எட்டச் செய்வதே அதன் நோக்கம்.

ஒவ்வொரு பொருளின் சிறப்பும் ஒவ்வொரு வகை. தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையால் நெய்யப்படும் பத்தமடைப் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அது வெறும் பாய். துணிபோல் மடித்துப் பார்வையாளர் கையில் கொடுத்தால் அதன் மென்மையை விரல்களே உணரும். காஞ்சிபுரம் கோர்வைச் சேலையில் கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் நெய்து இணைக்கப்படும். அந்த இணைப்பு தெரியுமாறு விரித்துத் தொங்கவிட வேண்டும். விளக்கொளி பக்கவாட்டிலிருந்து விழுந்தால் சரிகை மின்னும்.

எல்லாப் பொருள்களையும் ஒரே மேசையில் குவிப்பது பலரும் செய்யும் தவறு. கண் எங்கு நிற்பது என்று அறியாமல் நகர்ந்துவிடும். ஒரு பொருளை முன்னே வைத்து, அதைச் சுற்றிச் சிறிது வெற்றிடம் விடுதல் நலம். மற்றவற்றைப் பின்னே ஒழுங்காக அடுக்கலாம். முதன்மையான பொருள் பார்வை மட்டத்தில் இருக்கவேண்டும். பெயர், ஊர், செய்முறை, விலை ஆகியவற்றைப் பெரிய எழுத்தில், அங்கு வருவோர் படிக்கும் மொழியில் எழுதவேண்டும்.

இவை எல்லாவற்றிலும் மேலானது வாய்மை. இயந்திரத்தில் செய்ததைக் கைவினை என்று எழுதி வைத்தால் ஒருநாள் விற்கும். உண்மை தெரிந்தபின், பக்கத்துக் கடையில் இருக்கும் நேர்மையான கைவினைஞரையும் மக்கள் ஐயுறுவர். அழகான அமைப்பு பொய்க்குத் திரையாகிவிடக் கூடாது.

கைவினைஞர் பல நாள் உழைத்துச் செய்த பொருளுக்குக் கண்காட்சியில் கிடைப்பது சில நொடிப் பார்வையே. அந்த நொடிகளை வீணாக்காமல் காப்பது காட்சியமைப்பு. இரு மொழி அறிந்த நீங்களும் அதற்குத் துணைபுரியலாம். அடுத்த முறை கண்காட்சிக்குச் சென்றால், மொழி தெரியாமல் அமர்ந்திருக்கும் கைவினைஞர் ஒருவரிடம் முதலில் தமிழில் நலம் கேளுங்கள்.

பயிற்சி

1. கண்ணாடிப் பேழையிலிருந்து பொம்மையை வெளியே வைத்ததால் நேர்ந்த மாற்றம் யாது?

2. காட்சியமைப்பில் வாய்மை ஏன் தேவை?

3. உங்கள் வீட்டிலுள்ள கைவினைப் பொருள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் தனிச்சிறப்பு விளங்குமாறு எவ்வாறு காட்சிக்கு வைப்பீர்கள் என ஐந்து தொடர்களில் எழுதுக.