பழுதில்லாத மாதத்துக்கும் கூலி உண்டா?



ஒரு பொருளைச் செய்து விற்பவன் அதற்கு விலை கூறுதல் எளிது. பொருள் கண்முன் இருக்கிறது. பட்ட பாடும் செலவும் தெரிந்தவை. ஆனால், விற்ற பொருளைப் பல்லாண்டுகள் தடையின்றி ஓடச் செய்வேன் என்று வாக்களிப்பவன், அந்த வாக்குக்கு என்ன விலை கூறுவது? கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய எங்கள் ஊர்களில் இன்று இளைஞர் சிலர் எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு அமராமல், வீட்டின் ஓர் அறையில் இருந்தவாறே கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கணினி மென்பொருள் எழுதிக் கொடுக்கின்றனர். அவர்களுள் பலரை இடர்ப்படுத்துவது இந்த வினாவே.

என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் யோசனை கேட்க வந்தார். 2015ஆம் ஆண்டில் உழவு இயந்திர உதிரிப்பாகக் கடையொன்றுக்கு விற்பனையும் கடன் கணக்கும் பதியும் மென்பொருளை எழுதி, தெரிந்தவர் என்பதால் ஒன்றரை இலட்சம் ரூபாவுக்குக் கொடுத்திருக்கிறார். "பிறகு ஏதும் வந்தால் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயால் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தை அவரைப் பத்து ஆண்டுகளாக விடவில்லை. பெருநாள் இரவிலும் தொலைபேசி ஒலிக்கிறது. இனி மாதம் ஒரு தொகை வேண்டும் என்று அவர் கேட்டபோது, கடைக்காரர் வியப்புடன், "தம்பி, போன மாதம் ஒன்றும் பழுதாகவில்லையே, எதற்குக் காசு?" என்றாராம். மாணவர் விடை சொல்லத் தெரியாமல் திரும்பிவிட்டார். மனம் கசந்து அவர் விலகிவிட்டால், அந்தக் கடையின் கடன் கணக்கு முழுவதும் எவருக்கும் திறக்கத் தெரியாத பெட்டியாகிவிடும். நட்டம் இருவருக்குமே.

அக்கடைக்காரருக்குச் சம்மாந்துறைப் பக்கம் வயல் உண்டு. ஆதலின், விடை அவருடைய வயலிலேயே இருக்கிறது. வட்டை விதானையார் வாய்க்காலைக் காவல் செய்கிறார். முறை வைத்து நீர் பங்கிடுகிறார். கரை உடைந்தால் ஆட்களைத் திரட்டுகிறார். இதற்காக ஏக்கருக்கு இவ்வளவு நெல் என்று களவெட்டியிலேயே அளந்து கொடுப்பது எங்கள் பகுதியின் பழைய வழக்கம். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் பழைய நீர்ப்பாசன விதானைமாரின் பொறுப்பை விவசாயக் குழுக்களிடம் ஒப்படைத்தது. ஆயினும் பெயரும் வழக்கும் இங்கு மறையவில்லை. கரை உடையாத போகத்தில் விதானையாரின் நெல்லை எவரேனும் பிடித்து வைத்ததுண்டா? கரை உடையவில்லை என்பதே அவர் விழிப்பாக இருந்ததற்கு ஒரு சான்று அல்லவா? நாம் அளந்து கொடுப்பது மண்வெட்டி பிடித்த நேரத்துக்கு மட்டுமன்று, அழைத்தால் வருவார் என்ற உறுதிக்கும் சேர்த்தே. மென்பொருட் பராமரிப்புக் கட்டணமும் இத்தகையதே.

இரும்புச் சாமான் தேய்ந்து பழுதாகும், மென்பொருள் தேய்வதில்லை. அவ்வாறாயின் அதற்குப் பராமரிப்பு எதற்கு என்று சிலர் கேட்பர். மென்பொருள் மாறாது நிற்க, அதனைச் சூழ்ந்த உலகம் மாறிவிடுகிறது என்பதே விடை. 2016ஆம் ஆண்டில் நம் தேசிய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது எண்ணும் ஓர் எழுத்தும் என்ற நிலையிலிருந்து பன்னிரண்டு எண்களாக மாறிற்று. பத்து இடம் மட்டுமே ஒதுக்கியிருந்த கடன் கணக்கில் புதிய அட்டைக்காரரைப் பதிய இயலவில்லை. பெறுமதி சேர் வரியோ, 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 ஆகக் குறைந்தது. 2022 ஜூனில் 12, அதே ஆண்டு செப்டம்பரில் 15, 2024 ஜனவரியில் 18 என ஏறிற்று. வரிக்குப் பதிவு பெற்ற ஒவ்வொரு கடையின் பற்றுச்சீட்டிலும் ஒவ்வொரு முறையும் கை வைக்க வேண்டியதாயிற்று. இவற்றில் எதுவும் மென்பொருள் எழுதியவரின் பிழையன்று.

அமெரிக்க அறிஞர் சுவான்சன் 1976ஆம் ஆண்டில் பராமரிப்பை மூவகையாகப் பிரித்தார். பிழை திருத்தல் ஒன்று. மாறிய சூழலுக்கு இசைவாக்கல் மற்றொன்று. பயன்படுத்துவோர் விரும்பும் மேம்பாடுகளைச் செய்தல் மூன்றாவது. அவரும் உடனாய்வாளரும் 1978இல் வெளியிட்ட ஆய்வில், உழைப்பில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு அந்த மூன்றாம் வகைக்கே சென்றதாகவும், பிழை திருத்தலுக்கு ஐந்தில் ஒரு பங்குகூடச் செல்லவில்லை எனவும் காணப்பட்டது. விலை கூறுவோர் இதனைக் கருத்தில் இருத்த வேண்டும். என் மாணவரை இரவில் எழுப்பியவற்றுட் பெரும்பாலானவை பழுதுகளல்ல. "இந்த அறிக்கையில் இன்னொரு நிரல் சேர்த்துத் தா" என்பன போன்ற புதிய வேலைகளே அவை. முதலிரண்டையும் மாதக் கட்டணத்துள் அடக்கலாம். மூன்றாவதற்குத் தனிக்கூலி என்று தொடக்கத்திலேயே பிரித்துவிடுதல் நன்று.

பெரிய நிறுவனங்கள் எவ்வாறு அறவிடுகின்றன? ஒருகாலத்தில் மென்பொருளும் அதற்கான உதவியும் இயந்திரத்தின் விலையிலேயே அடங்கியிருந்தன. 1969ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் அவற்றுக்குத் தனித்தனி விலை குறிக்கப்போவதாக அறிவித்தது. இன்று ஓரக்கிள் நிறுவனம் உரிமக் கட்டணத்தில் 22 சதவீதத்தை ஆண்டுதோறும் பராமரிப்புக்கெனப் பெறுகிறது. எஸ்.ஏ.பி. நிறுவனம் 2008இல் 17 சதவீதத்திலிருந்து 22ஐ நோக்கி உயர்த்த முற்பட்டபோது வாடிக்கையாளர் வெகுண்டெழுந்தனர். 2010இல் குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றையும் அது மீண்டும் வழங்க நேர்ந்தது.

இந்தச் சதவீதக் கணக்கை நம் இளைஞர் அப்படியே எடுத்தாளுதல் ஆபத்து. பெருநிறுவனம் ஒரு பிழையைத் திருத்தினால், அத்திருத்தம் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளருக்குப் பயன்படுகிறது. தனி ஒருவர் ஒரே கடைக்கென எழுதியதைத் திருத்தும்போது, செலவு முழுவதும் அந்த ஒரு கடையின் மேலேயே விழுகிறது. அன்றியும், முகத்துக்காகக் குறைத்து விற்ற விலையில் சதவீதம் பார்த்தால் அதுவும் குறைந்தே வரும். ஒன்றரை இலட்சத்தில் 20 சதவீதம் ஆண்டுக்கு 30,000 ரூபா, மாதத்துக்கு 2,500. சேவையகத்தின் வாடகைக்கே அது போதாமற் போகலாம்.

ஆகவே நாங்கள் இருவரும் மேசையில் தாளை விரித்து வேறு வழியில் கணக்குப் பார்த்தோம். குடும்பத்துக்கு மாதம் ஒன்றரை இலட்சம். மின்சாரம், இணையம், கணினித் தேய்மானம், நோய்நொடி ஆகியவற்றுக்கு 50,000. ஆக இரண்டு இலட்சம். மாதத்தில் 160 மணி நேரம் உழைத்தாலும், வேலை தேடலும் புதியன கற்றலும் போகக் கூலி பெறக்கூடியது ஏறக்குறைய 100 மணியே. எனவே மணிக்கு 2,000 ரூபா. அக்கடைக்குச் சென்ற ஆண்டில் சராசரி மாதம் மூன்று மணி நேரம் சென்றிருந்தது, அது 6,000. சேவையக வாடகை பத்து டொலர். டொலர் 300 ரூபா எனக் கொண்டால் 3,000. இனி, அழைத்த நான்கு மணி நேரத்துள் பதில் தருவதாக உறுதி கூறிக் காத்திருப்பதற்கு 3,000. மொத்தம் 12,000.

ஆண்டுக்கு 1,44,000 ரூபா! வாங்கிய விலையையே நெருங்குகிறது என்று மாணவர் அஞ்சினார். ஆனால் அம்மென்பொருளை எழுத அவருக்கு ஏறத்தாழ 300 மணி நேரம் சென்றிருந்தது. இன்றைய கூலியில் அது ஆறு இலட்சம். அதனோடு ஒப்பிட்டால் 24 சதவீதமே. குறைவாக இருந்தது பழைய விலைதான்.

பதில் தரும் நேரத்தை உறுதி கூறலாம்; திருத்தி முடிக்கும் நேரத்தை உறுதி கூறலாகாது. பார்க்குமுன் எவருக்கும் அது தெரியாது. ஜும்ஆ நேரத்துக்கு விலக்கும், பெருநாள் இரவுக்கு இரட்டைக் கூலியும் எழுதுமாறு கூறினேன். பயன்படுத்தாத மணிகளை மூன்று மாதத்துக்கு மேல் சேர்த்து வைக்க இடமளிக்கலாகாது என்பதும் என் கருத்து. மறுபுறம், ஒப்பந்தம் முடிந்தால் மூல நிரலும் கடவுச்சொற்களும் கடைக்காரரிடம் ஒப்படைக்கப்படும் என்பதையும் எழுதச் செய்தேன். அது அமானிதம். அதனைப் பிடித்து வைத்துப் பணம் கேட்பது தொழிலாகாது.

டொலர் விடயம் எஞ்சியிருந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தாண்டியதை நாம் மறக்கவில்லை. அன்று ரூபாவில் நிலையான தொகை பேசியிருந்தோர் வாடகையைத் தம் கையிலிருந்து கட்டினர்.

தாளுடன் மாணவர் மறுபடியும் கடைக்குச் சென்றார். வட்டை விதானையார் கதையைக் கேட்டுச் சிரித்த கடைக்காரர், தொகையில் பேரம் பேசவில்லை. தவணையில் மட்டும் பேசினார். தம்மிடம் கடன் கொண்டோர் வேளாண்மை வெட்டிய பின்பே காசு தருவதால், மாதந்தோறும் கொடுத்தல் தமக்கு இயலாது என்றார். முடிவில், சேவையக வாடகையைக் கடையே நேரடியாக மாதந்தோறும் செலுத்துவது என்றும், எஞ்சிய 9,000 ரூபா வீதம் ஆறு மாதத்துக்குரிய 54,000 ரூபாவைப் பெரும்போக வெட்டு முடிந்ததும் ஒருமுறை, சிறுபோக வெட்டு முடிந்ததும் ஒருமுறை கொடுப்பது என்றும் இருவரும் கையொப்பமிட்டனர்.