கொடுத்த கொடை வீணாகாதிருக்க



ஐந்து அப்பங்களைக் கொண்டு பெருந்திரளான மக்களின் பசியைப் போக்கிய ஆண்டவர் இயேசு, அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மீதியான துண்டுகளையும் வீணாக்காமல் சேகரிக்கும்படி சீடர்களைப் பணித்தார் (யோவான் 6:12). கொடுப்பதோடு அன்பு முடிந்துவிடுவதில்லை. கொடுக்கப்பட்டதைக் காப்பதும் அன்பின் பணியே. சிறுநீரகக் கொடையில் இந்த உண்மை எப்படி விளங்குகிறது என்று இன்று சிந்திப்போம்.

உறுப்புக் கொடையைத் திருச்சபை மனதார ஆதரிக்கிறது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1995-ஆம் ஆண்டு வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' என்னும் சுற்றுமடலில், முறையாகச் செய்யப்படும் உறுப்புக் கொடையை அன்றாட வாழ்வின் வீரச் செயல்களுள் ஒன்றாகக் காட்டுகிறார். ஆனால் கொடையாளரின் உடலிலிருந்து நோயாளியின் உடலைச் சேரும் வரை அந்தச் சிறுநீரகம் என்ன ஆகிறது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே குழுவினர் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சையைச் செய்தனர். கொடுத்தவரும் பெற்றவரும் இரட்டைச் சகோதரர்கள். ஒரே மருத்துவமனையில் இருவருக்கும் அறுவை சிகிச்சை நடந்ததால் சிறுநீரகத்தை நெடுநேரம் பாதுகாக்க வேண்டிய தேவை எழவில்லை. இறந்தவரிடமிருந்து பெறும்போது நிலைமை வேறு. பொருத்தமான நோயாளியைக் கண்டுபிடிக்க வேண்டும், அவர் வேறோர் ஊரிலும் இருக்கலாம். பல மணி நேரம் கடந்துவிடுகிறது.

இரத்த ஓட்டம் நின்றதும் சிறுநீரகத்தின் செல்களுக்கு ஆக்சிஜன் கிடைப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாமல் போதிய ஆற்றல் உண்டாவதில்லை. ஆகவே மருத்துவர்கள் இரத்தத்தைக் கழுவி வெளியேற்றி, குளிர்ந்த பாதுகாப்புத் திரவத்தைச் செலுத்துகின்றனர். பிறகு கிருமி நீக்கப்பட்ட பைகளில் ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, ஐஸ் பெட்டியில் ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸ் குளிரில் அனுப்புகின்றனர். அந்தக் குளிரில் செல்களின் தேவை வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். சிறுநீரகத்தை உறைய வைப்பதில்லை. உறைந்தால் உள்ளே உருவாகும் பனிப் படிகங்கள் செல்களைச் சிதைத்துவிடும்.

ஆனால் காக்கின்ற அதே குளிர் தீங்கும் செய்கிறது. ஒவ்வொரு செல்லும் தனக்குள் நுழையும் சோடியத்தை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. குளிரில் அந்த வேலை முடங்கிவிடும். சோடியமும் அதைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே புகுந்து செல்கள் வீங்குகின்றன. மேலும், புதிய உடலில் பொருத்தியவுடன் ஆக்சிஜன் திடீரெனத் திரும்பி வரும்போது, செல்களைத் தாக்கும் வேதிப்பொருட்கள் உண்டாகின்றன. உயிர் தருகின்ற இரத்தமே அந்த முதல் நிமிடங்களில் காயப்படுத்தவும் கூடும்.

இந்தச் சேதத்தைத் தடுக்க எத்தனையோ பேர் உழைத்திருக்கின்றனர். 1967-இல் சான் பிரான்சிஸ்கோவில் டாக்டர் ஃபோல்கர்ட் பெல்ஸர், நாய்களின் சிறுநீரகங்களுக்குள் குளிர்ந்த திரவத்தை இயந்திரத்தால் தொடர்ந்து செலுத்தி, 72 மணி நேரம் வரை காத்துக் காட்டினார். 1969-இல் டாக்டர் ஜெஃப்ரி காலின்ஸ் குழுவினர், ஐஸில் வைத்துப் பாதுகாப்பதற்கு ஏற்ற எளிய திரவத்தைத் தந்தனர். 1980-களில் பெல்ஸரும் ஜேம்ஸ் சதர்டும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இன்னும் சிறந்த திரவத்தை உருவாக்கினர். செல்லுக்குள் எளிதில் புக முடியாத பெரிய மூலக்கூறுகள் அதில் உண்டு. அவை தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைத்து வீக்கத்தைத் தடுக்கின்றன. ஆக்சிஜன் திரும்பும்போது ஏற்படும் தாக்குதலைத் தணிக்கும் பொருட்களும் அதில் சேர்க்கப்பட்டன.

2009-இல் வெளிவந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு நம் கவனத்திற்குரியது. நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 336 கொடையாளர்களின் இரு சிறுநீரகங்களில் ஒன்றை ஐஸ் பெட்டியிலும், மற்றொன்றைக் குளிர்ந்த திரவம் செலுத்தும் இயந்திரத்திலும் வைத்தனர். ஐஸ் பெட்டியில் வந்தவற்றில் 89 சிறுநீரகங்கள் வேலை செய்யத் தாமதித்தன. இயந்திரத்தில் வந்தவற்றில் அது 70 ஆகக் குறைந்தது. ஓராண்டுக்குப் பின் செயல்பட்டவை முறையே 90 விழுக்காடு, 94 விழுக்காடு. கொடை ஒன்றே, காத்த விதத்தால் விளைவு மாறியது.

இதை நாம் அறிந்துகொள்வது எதற்காக? முதலாவதாக, மாற்றுச் சிறுநீரகம் பெற்றவருக்கு முதல் வாரத்தில் மீண்டும் டயாலிசிஸ் தேவைப்பட்டால், "எல்லாம் வீண்" என்று உறவினர் கலங்குவதுண்டு. பயணத்தில் களைத்த சிறுநீரகம் தேறிவர நாட்களோ வாரங்களோ ஆகலாம். பல சிறுநீரகங்கள் அவ்வாறு தேறி நன்கு செயல்படுகின்றன. அந்த நாட்களில் அக்குடும்பத்திற்குத் தேவை நம் அனுதாபப் பேச்சு அல்ல, பொறுமையான உடனிருப்பும் செபமுமே.

இரண்டாவதாக, துயரத்தின் நடுவிலும் சம்மதம் தந்த குடும்பத்தார், தங்கள் அன்புக்குரியவரின் கொடை எவ்வளவு மரியாதையோடு ஏந்திச் செல்லப்படுகிறது என்று அறிந்தால் ஆறுதல் அடைவர். மூன்றாவதாக, நம் விருப்பத்தை இன்றே வீட்டாரிடம் சொல்லி வைப்போம். நாம் அட்டையில் கையெழுத்திட்டிருந்தாலும், அந்த வேளையில் மருத்துவர்கள் குடும்பத்தாரிடமே கேட்பார்கள். நம் மனம் அவர்களுக்குத் தெரிந்திருந்தால் முடிவெடுப்பது எளிதாகும்.

கொடுத்தவரை நாம் நன்றியோடு நினைக்கிறோம், பெற்றவரோடு சேர்ந்து மகிழ்கிறோம். இடையில் அந்தப் பெட்டியைச் சுமந்து ஓடியவர், திரவத்தைத் தயாரித்தவர், இரவெல்லாம் விழித்திருந்த செவிலியர் ஆகியோரை யார் நினைக்கிறார்கள்? எஞ்சிய துண்டுகளைக் கூடைகளில் சேர்த்த சீடர்களின் பணியை இன்று அவர்களே தொடர்கின்றனர். வரும் ஞாயிறு திருப்பலியின் மன்றாட்டுகளில் அவர்களையும் நினைவுகூர்வோம். நம் குடும்பத்திலும் பங்கிலும் பிறர் நமக்குத் தந்த நன்மைகள் எதுவும் நம் கவனக்குறைவால் வீணாகாதபடி காத்துக்கொள்ளும் வரத்தை இறைவனிடம் கேட்போம்.