சாரல் காலத்தில் என்ஜின் சென்சார்: மாற்றும் முன் சோதிக்க வேண்டும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திலும் தென்காசி, செங்கோட்டை வட்டாரத்திலும் விழும் சாரல் பயிருக்கு இதமானது. ஆனால் காய்கறி ஏற்றும் சிறு சரக்கு வண்டிகளின் மின் இணைப்புகளுக்கு அந்த ஈரம் ஆகாது. பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து கேரளம் செல்லும் வண்டி, புளியரை ஏற்றத்தில் இழுவை குறைந்து நின்றால் தக்காளியும் வெண்டையும் வாடும். அன்றைய விலையும் போய்விடும்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சார்கள் அதிகம். அவற்றுள் முக்கியமானது கூலண்டின் சூட்டை அறியும் சென்சார்.

சென்சாரின் வேலை

சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். அதைப் பார்த்தே கட்டுப்பாட்டுப் பெட்டி டீசலின் அளவைத் தீர்மானிக்கிறது. கம்பி அறுந்தாலோ கப்ளர் கழன்றாலோ, என்ஜின் பனிக்கட்டியை விடக் குளிர்ந்திருப்பதாகப் பெட்டிக்குத் தோன்றும். அதனால் டீசல் செலவு கூடலாம்; புகை வரலாம்; ரேடியேட்டர் விசிறி ஓயாமல் ஓடலாம்.

சோதிக்கும் முறை

சிவப்பு வெப்ப விளக்கு எரிந்தால், சென்சார் கோளாறுதான் என்று எண்ணி ஓட்டக் கூடாது. உடனே என்ஜினை நிறுத்தி, நன்கு ஆறிய பிறகு கூலண்ட் அளவைப் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது ஆபத்து.

கூலண்ட் சரியாக இருந்தால், மெக்கானிக்கிடம் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கச் சொல்லலாம். பி 0118 என்ற எண் வந்தால் இணைப்பு அறுந்திருக்கக் கூடும். பி 0117 என்றால் ஷார்ட் ஆகியிருக்கக் கூடும். இந்த எண்கள் சென்சார் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. அதன் மின்சுற்றில் கோளாறு என்றே சொல்கின்றன.

எனவே சாவியை அணைத்துக் கப்ளரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பின்களில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால், மின் இணைப்புகளுக்கான கிளீனர் அடித்துக் காய வைத்து மாட்ட வேண்டும். சாரல் காலத்தில் பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும்.

சரியாகவில்லை எனில் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பல வண்டிகளில், 20 டிகிரி சூட்டில் சென்சாரின் மின்தடை 2000 முதல் 3000 ஓம் வரை இருக்கும். 80 டிகிரியில் சுமார் 300 ஓமாக இறங்கும். கழற்றிய சென்சாரின் முனையை வெந்நீரில் வைத்தால் அளவு சீராக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சென்சார் பழுது. சென்சார் நன்றாக இருந்தால், சாவியைப் போட்டுக் கப்ளரின் வயர் பக்கம் அளக்க வேண்டும். சுமார் 5 வோல்ட் வராவிட்டால் கோளாறு வயரில் இருக்கலாம்.

மாற்றும்போது

என்ஜின் ஆறியிருக்க வேண்டும். அதே பாக எண்ணுள்ள சென்சாரையும் புது வாஷரையும் போட வேண்டும். அளவுக்கு மீறி முறுக்கக் கூடாது. குறைந்த கூலண்டை நிரப்பிக் காற்றை வெளியேற்றி, ஸ்கேனரில் பழைய எண்ணை அழித்துவிட வேண்டும்.

வண்டி கழுவும்போது கப்ளர்கள் மீது வேகமாகத் தண்ணீர் பீய்ச்சாமல் இருப்பது நல்லது. சாரல் தொடங்கும் முன் ஒருமுறை கப்ளர்களைச் சோதித்துவிட்டால், வழியில் நிற்கும் வேதனையும் வீண் செலவும் குறையும்.