பச்சிலையும் டாக்டரின் சீட்டும்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிட நாம் ஊர் ஊராகச் செல்லுங்கால், அங்கத்தினர்கள் ஒரு குறையை நம்மிடம் கூறுவதுண்டு. பாட்டன் காலத்து மூலிகைகளை இக்காலத்து டாக்டர்கள் மதிப்பதில்லை, சீட்டில் எழுத மறுக்கிறார்கள் என்பதே அக்குறை. இது முற்றிலும் உண்மைதானா என ஆராய்தல் நலம்.

மலச்சிக்கலுக்கு டாக்டர்கள் எழுதித் தரும் மாத்திரைகளுள் ஒன்று சென்னா. திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமைகளில் விளையும் நிலாவாரையே அது. மூட்டு வீங்கி வருத்தும் கௌட் நோய்க்கு எழுதப்படும் கால்ச்சிசின், கண்வலிக்கிழங்குச் செடியின் விதையில் உள்ள பொருள். அவ்விதைக்காகவே தாராபுரம், மூலனூர்ப் பகுதிக் குடியானவர்கள் அதனைப் பயிரிடுகிறார்கள். ஆகவே, செடியிலிருந்து வந்தது என்பதற்காக டாக்டர் எதனையும் ஒதுக்குவதில்லை.

பின் அவர் தயங்குவது எதனால்? நெசவாளர்களுக்கு இதனை எளிதில் விளக்கலாம். நம்பர் தெரியாத நூலைத் தறியில் ஏற்ற எவரேனும் ஒப்புவரோ? 40-ம் நம்பர் என்று சிட்டத்தில் குறித்திருந்தால், துணி எப்படி அமையும் என்பது முன்னரே தெரியும். டாக்டரும் மருந்தின் நம்பரையே கேட்கிறார். ஒரு வேளை மருந்தில் சத்து எவ்வளவு, நேற்றைய பொட்டலமும் இன்றைய பொட்டலமும் ஒன்றுதானா என்பதே அவர் வினா.

சர்ப்பகந்தியின் வரலாறு இதற்குச் சான்று. அவ்வேரை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். 1949-ம் ஆண்டில் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல், இரத்த அழுத்தமுள்ள 50 நோயாளிகளுக்கு அதனை அளித்துக் கண்ட பயனைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார். 1952-ல் சுவிட்சர்லாந்தில் ரிசர்பின் என்னும் சத்து அவ்வேரிலிருந்து பிரிக்கப்பட்டது. அளவு தெரிந்ததும் உலகெங்கும் டாக்டர்கள் அதனை எழுதலாயினர். அளவு மிகுந்தால் மனச்சோர்வு உண்டாவதும் பின்னர்த் தெரிந்தது. வேறு மருந்துகள் வந்தபின் அதன் உபயோகம் குறைந்தது.

டாக்டரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. கால்ச்சிசின் அரை மில்லிகிராம் மாத்திரையாக நோயைத் தணிக்கிறது. கண்வலிக்கிழங்கைத் தின்றவர் உயிரிழந்ததும் உண்டு. அதிமதுரத்தை நெடுநாள் மிகுதியாக உண்டால் இரத்த அழுத்தம் ஏறும். அழுத்தத்திற்கு மாத்திரை உண்பவர் அதனை மறைத்தால், டாக்டர் காரணம் அறியாது மாத்திரையைக் கூட்டுவார். இதில் நட்டம் யாருக்கு?

எனவே அங்கத்தினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவை இரண்டு. கஷாயமோ சூரணமோ உண்பவர், டாக்டர் சினப்பார் என்று அஞ்சாமல் அதனைச் சொல்லிவிட வேண்டும். மூலிகை பயிரிடுவோர் இலையை நிழலில் உலர்த்தி, மண்ணும் காம்பும் நீக்கி, பறித்த நாளும் நிலமும் குறித்துத் தனித்தனி மூட்டையாகக் கட்ட வேண்டும். பலர் சரக்கை ஒன்றாய்க் கொட்டினால் தரம் போய்விடும்.

தனியொருவரால் ஆகாதது கூட்டுறவால் ஆகும். 1944-ம் ஆண்டில் சென்னையில் நாட்டு வைத்தியர்கள் கூடித் தங்கள் மருந்துகளைத் தாங்களே செய்துகொள்ள நிறுவிய இம்ப்காப்ஸ் ஒரு கூட்டுறவுச் சங்கமே. வைத்தியர்களுக்குக் கைகூடியது விளைவிப்போருக்கும் கைகூடும். சரக்கைச் சோதித்து, தரத்தைக் குறித்து விற்கும் பொறுப்பைச் சங்கம் ஏற்கட்டும். டாக்டரின் நம்பிக்கை சீட்டில் தொடங்குவதன்று. அது நம் களத்துமேட்டில் தொடங்குகிறது.