உரத்த குரலும் ஆங்கிலச் சொற்களும்

உரத்து எழும் குரல் அனைத்தையும் நாம் 'ஷவுட்' என்ற ஒரே சொல்லால் குறித்துவிடுகிறோம். ஆங்கிலத்திலோ காரணத்திற்கேற்பச் சொல்லும் வேறுபடும். அச்சத்தாலோ வலியாலோ அலறுதல் 'ஸ்க்ரீம்'. சிங்கத்தின் கர்ச்சனையும் பெருங்கூட்டத்தின் முழக்கமும் 'ரோர்'. விளையாட்டுத் திடலில் நம் அணியை ஊக்குவிக்கும் ஆரவாரம் 'சியர்'. வெறுப்பைக் காட்டும் கூச்சல் 'பூ'.

'சியர்' பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். முதலில் முகத்தைக் குறித்தது. பின்னர் மனநிலையையும் மகிழ்ச்சியையும், அதன்பின் மகிழ்ச்சி ஆரவாரத்தையும் குறிக்கலாயிற்று. வென்றோரைப் பாராட்டி 'ஹிப் ஹிப் ஹுரே' என மும்முறை முழங்குவதே 'த்ரீ சியர்ஸ்'.

'ஷவுட்' என்பதைத் தொடரும் சிறுசொல்லையும் நாம் கவனித்தல் வேண்டும். 'ஷவுட் டு' என்பது தொலைவில் நிற்பவருக்குக் கேட்குமாறு உரக்கக் கூறுதல். 'ஷவுட் அட்' என்பது பெரும்பாலும் சினந்து அதட்டுதல். உணவுண்ண வருமாறு தாய் அன்போடு உரக்க அழைத்ததைப் பிள்ளை பாடசாலையில் 'ஷவுட் அட்' என்று கூறினால், தாய் கடிந்துகொண்டார் என்றே ஆசிரியர் கருதுவார்.

தமிழில் அழைத்தல் வேறு, அதட்டல் வேறு. முதலில் அவ்வேறுபாட்டைத் தமிழில் எண்ணிப் பார்ப்போமாயின், ஆங்கிலத்திலும் பொருத்தமான சொல் நம் நாவில் வரும்.