ஜெட் ஸ்கி பைப்புக்குள் எதற்குத் தண்ணீர்?

டூ-ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கியில் புகையோடு நழுவும் புதுக் கலவையை, எக்ஸாஸ்ட் பைப்பில் மோதித் திரும்பும் அழுத்த அலைதான் சிலிண்டருக்குள் திருப்பித் தள்ளுகிறது. அலை சரியான நேரத்துக்கு வரணும். ஆர்பிஎம் மாறினால் அந்த நேரமும் மாறும், பைப் நீளமோ மாறாது. அதனால் தனியாக வாங்கிப் பொருத்தும் சில ரேஸ் பைப்புகளில் உள்ளே கொஞ்சம் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள். வாயு குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், அலை தாமதமாகத் திரும்பும். பைப் நீண்ட மாதிரிதான்! குறைந்த ஆர்பிஎம்மில் இழுவை கூடும். வேகம் ஏறும்போது தண்ணீரைக் குறைக்கணும்.

தண்ணீர் வரும் துளை ரொம்பச் சின்னது. உப்பு அடைத்தால் டியூனிங் போச்சு, ரப்பர் இணைப்பும் கருகலாம். கடலில் ஓட்டியதும் நல்ல தண்ணீரில் ஃப்ளஷ் பண்ணுங்க. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகே ஹோஸைத் திறக்கணும். முடிக்கும்போது தண்ணீரை மூடிவிட்டுத்தான் எஞ்சினை அணைக்கணும். மாற்றிச் செய்தால், தள்ளிவிடப் புகை இல்லாமல் தண்ணீர் சிலிண்டருக்குள்ளேயே இறங்கிவிடும்.