உங்களுக்குத் தெரியுமா? வீட்டுக்குள் ஓடும் ரயில்

அரையாண்டு விடுமுறை நெருங்குகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டி தோவாளை வழியே ஓடும் ரயிலைப் பார்த்து வளரும் பிள்ளைகள் மாடல் ரயில் கேட்பதில் வியப்பென்ன? முதல் செட் வாங்கும்போது அட்டைப்பெட்டி மேல் உள்ள இன்ஜின் படத்தைவிட, உள்ளே இருக்கும் தண்டவாளத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

● திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981இல் திறக்கப்பட்டபோதே அகலப் பாதைதான். தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மி.மீ. மாடல் ரயில்களில் உலகெங்கும் பரவலான 'எச்.ஓ.' வகையில் அந்த இடைவெளி வெறும் 16.5 மி.மீ.

● எச்.ஓ. என்பது அசலில் 87இல் ஒரு பங்கு. 'என்' வகை 160இல் ஒரு பங்கு. பெரம்பூர் ஆலையின் பழைய 'ஐ.சி.எஃப்.' வகை ரயில் பெட்டியின் நீளம் 21 மீட்டருக்குச் சற்று அதிகம். எச்.ஓ.வில் அது சுமார் 24.5 செ.மீ., என் வகையில் 13 செ.மீ. எச்.ஓ.வில் 20 பெட்டிகளைக் கோத்தால் 5 மீட்டர்! தொடக்கத்துக்கு ஒரு இன்ஜினும் இரண்டு மூன்று பெட்டிகளும் தாராளம்.

● எச்.ஓ. செட்களில் அதிகம் காணப்படும் வளைவின் ஆரம் 18 அங்குலம். ரயில் சுற்றி வர 3 அடி, ஓரங்களையும் சேர்த்து 4 அடி அகலம் வேண்டும். என் வகைக்கு இரண்டரை அடி போதும். முதலில் வீட்டில் இடத்தை அளந்துவிட்டு, பிறகு கடைக்குப் போங்கள்.

● பொம்மை ரயில் தண்டவாளங்களுக்கு நிலையான அளவுகளை 1891இல் கொண்டுவந்தது ஜெர்மனியின் மார்க்ளின் நிறுவனம். இன்று ஒரு கம்பெனி இன்ஜின் இன்னொரு கம்பெனிப் பெட்டிகளை இழுப்பது சாத்தியம். ஆனால் தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கூடுதல் துண்டுகள் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டே செட்டை வாங்குங்கள்.

● பேட்டரி ரயிலின் பிளாஸ்டிக் பாதையில் மின்சாரம் பாயாது. சிறு பிள்ளைகளுக்கு அது நல்லதே; ஆனால் பின்னாளில் அதே பாதையில் மின்சார ரயிலை ஓட்ட முடியாது. மூன்று வயதுக்குக் கீழே என்றால் சிறு உதிரிகள் இல்லாத மர ரயில்தான் சரி.

● வெளிநாட்டிலிருந்து உறவினர் செட் வாங்கி வருகிறாரா? அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட், ஜப்பானியது 100 வோல்ட்டுக்கானதாக இருக்கலாம். நம் வீட்டு 230 வோல்ட்டில் செருகினால் கருகிவிடும். '100–240' என்று அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

● 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். மலிவு விலைச் செட்டில் அந்த முத்திரை இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

● 'நிக்கல் சில்வர்' தண்டவாளத்தில் வெள்ளியே கிடையாது; செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. துருப்பிடிக்காது என்பதால் நம் ஈரக்காற்றுக்கு எஃகைவிட ஏற்றது. ஆரல்வாய்மொழிக் காற்று கொண்டுவரும் தூசியை மட்டும் மென்துணியால் துடைத்து வந்தால் ரயில் திக்காமல் ஓடும்.

● பூக்கட்டும் வீடுகளுக்கு ஒரு குறிப்பு: தரையில் கிடக்கும் வாழைநார்த் துணுக்கு இன்ஜினின் அச்சில் சுற்றிக்கொண்டால் சக்கரம் இறுகும், மோட்டார் சூடேறும். இன்ஜினைக் கவிழ்த்துப் பிடித்து, சிறு இடுக்கியால் நாரை உருவி எடுங்கள். தண்டவாளம் இரண்டிலும் படும்படி ஊசியோ ஹேர்பின்னோ கிடந்தாலும் ஷார்ட் ஆகி ரயில் நின்றுவிடும். பலகை மேல் பாதை போட்டால் இரண்டு தொல்லையும் குறையும்.

● புனே கோத்ரூடில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. சிறுவயது ஆசையைக் கைவிடாத ஒருவரின் உழைப்பு அது. சிக்னல், மேம்பாலம் என்று ஒரு நகரமே அங்கே இயங்குகிறது.

● அடுத்த விடுமுறைக்குப் புது இன்ஜின் வேண்டாம். ரயிலைத் தடம் மாற்றிவிடும் இரண்டு 'பாயிண்ட்ஸ்' துண்டுகளும் கொஞ்சம் தண்டவாளமும் வாங்கிக் கொடுங்கள். ஒரு ரயிலை ஒதுக்கி நிறுத்தி இன்னொன்றுக்கு வழிவிடும் வேலையைப் பிள்ளை தானே கற்றுக்கொள்ளும். நம் திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை ஒற்றைத் தடமாக இருந்தபோது 'கிராசிங்'குக்குக் காத்துக் கிடந்த தாத்தா பாட்டியைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்கமாட்டார்!